ஏந்தியவளைத் தின்னும் கோடாலி

மதினி,

கோடாலியைத் திருத்திவிட்டார்கள்.

நேற்று அண்ணன் போனில், "அந்தக் கேம் பெட்டி சும்மாதான கெடக்கு, யாருக்காவது குடுத்துரு புள்ள" என்றான். கொடுப்பதற்கு முன் ஓடுகிறதா என்று பார்ப்போமென்று இன்று மதியம் உங்கள் அறையில் டிவிக்குக் கீழே அதன்மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். ஒயரைச் சொருகியதும் உள்ளே விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது. சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாசனை. மழைக்கால மதியங்களில் நம் இருவர் மூக்கிலும் ஏறிக் கிடந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டைச் செய்தவர்கள் இத்தனை நாளில் என்னென்னவோ மாற்றியிருக்கிறார்கள். அதெல்லாம் இறங்கி முடிய வெகுநேரம் ஆனது. முடிந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. கருங்கோடாலி இனிமேல் ஏந்தியவரின் உயிரைக் குறைக்காதாம். அவ்வளவு பாடுபட்டு அடைகிற ஆயுதம் அடைந்தவரையே தண்டிப்பது நியாயமில்லை என்று ஆடுகிறவர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்களாம். அதனால் எடுத்துவிட்டார்களாம்.

இதை உடனே சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். வேறு யாரிடம் சொன்னாலும் எந்தக் கோடாலி என்பார்கள். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. கீழே கடையில் அத்தா தனியாக இருக்கிறார். வாங்குவதற்கு ஆளில்லை. எழுதுகிறேன்.

பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா மவுத்தாகி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மலைமேல் பஜாரில் கீழே கடை, மேலே வீடு. கடையில் தைலம், டீத்தூள், சாக்லேட். வீட்டில் அத்தாவும் நானும். அண்ணன் உங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, லீவு முடிந்ததென்று துபாய்க்குத் திரும்பினான். ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சூட்டடுப்பின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "இந்த ஊருல மனுசன் குடியிருப்பானா? எங்க ஊருல இந்நேரம் வேர்த்து ஊத்தும்" என்று நீங்கள் சொன்னது, ஏதோ ஊரே உங்களை ஏமாற்றிவிட்டது என்பதுபோல் இருந்தது.

அண்ணன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அந்தக் கறுப்புப் பெட்டியை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைப்பீர்கள். ஒரு நாள் துடைத்த துணி கையில் இருக்கும்போதே கேட்டீர்கள்.

"ஏ புள்ள, லீவு பூராம் இதுக்கு முன்னாலயே உக்காந்துருந்தாங்களே உங்க அண்ணன். அப்படி என்னதான் இருக்கு இதுக்குள்ள? போடு, பாப்போம்."

போட்டேன். பனி மூடிய ஒரு செத்த நாடு. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு தனியே நடக்கும் ஒரு பெண். அவள் செத்தால் ஒரு பாழுங்கிணற்றடியில் மறுபடியும் எழுந்துகொள்வாள். அவளுக்குப் பேர் வைக்கச் சொல்லித் திரை கேட்டது. வடகவுஞ்சி ஊரிலிருந்து வந்து நம் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்து பிளம்ஸும் பேரிக்காயும் விற்கிற வடகவுஞ்சி அக்காவை நீங்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தீர்கள். டூரிஸ்ட் ஒருவன் பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்திருப்பான் போல. அவள் அவனை நிற்க வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். "இவுக பேரையே வையி. இவுகள எந்தப் பேயும் ஒண்ணும் பண்ணாது" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த விளையாட்டில் நடந்தவள் வடகவுஞ்சியக்காதான். நீங்கள் ஆடினால் உங்கள் வடகவுஞ்சியக்கா. நான் ஆடினால் என்னுடையவள்.

கன்ட்ரோலரை நீங்கள் ரிமோட்டு என்றுதான் கடைசிவரை சொன்னீர்கள். முதல் வாரம் அதைப் பிடிக்கத் தெரியாமல் தட்டுத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்திருந்தீர்கள். அடுத்த மாதம் நான் செத்துச் செத்துக் கிணற்றடியில் எழுந்துகொண்டிருந்த இடங்களை எல்லாம், "ஏலே, வாலே, வந்து பாருலே" என்று திரையில் வந்த ஓநாயைப் பார்த்துக் கத்திக்கொண்டே தாண்டிப் போனீர்கள். உங்கள் கையில் இருந்தது, ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் கொடுக்கிற ஒரு சின்னக் கத்தி. கடைசிவரை அதை மாற்றவில்லை.

நான் அப்படி இல்லை. எனக்குக் கருங்கோடாலி வேண்டும்.

உறைந்துபோன ஏரிக்கு அடியில் இருந்தது அது. காத்துக்கொண்டிருந்த மிருகத்துக்கு எத்தனை கை என்று எண்ணுவதற்குள் செத்துப்போவேன். அந்த வருடம் மழை விடவே இல்லை. பெருமாள்மலைக்குப் பக்கத்தில் மரம் சாய்ந்து ரோடு அடைபட்டு, ஊருக்குள் ஒரு வண்டி ஏறவில்லை. கடையில் சோலி கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் ஏரிக்குள் இறங்குவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு, நான் சாகும்போதெல்லாம் சாவுச் செய்தி கேட்டவர்போல "இன்னாலில்லாஹி" என்பீர்கள். ஒரு நாள் அந்த மிருகம் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் வீட்டில் தீப்பிடித்துவிட்டதென்று அத்தா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேலே ஓடிவந்தார்.

கோடாலியை வடகவுஞ்சியக்காவின் கையில் கொடுத்தேன். எதிரே வந்த ஓநாய் ஒரே வெட்டில் விழுந்தது. கூடவே, திரையின் மூலையில் அவள் உயிரைக் காட்டுகிற சிவப்புக் கோடு ஒரு நகக்கண் அளவு குறைந்தது. இன்னொரு வெட்டு, இன்னும் ஒரு நகக்கண். ஓட முடியவில்லை. கேடயம் பிடிக்க முடியவில்லை. அதைக் கீழே வைக்காமல் மருந்துக் குப்பியைத் திறக்கவும் முடியவில்லை.

நீங்கள் உரித்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தீர்கள். "என்ன புள்ள இது, புடிச்சவளையே திங்குது?"

"அதான் மதினி அதோட விசேசமே. எவ்வளவு பெரிய அடி பாத்தீங்களா?"

"அடி பெருசுதான். ஆனா நீ இப்ப எதிராளியப் பாக்கலயே. உன் செவப்புக் கோட்டத்தான பாத்துக்கிட்டு இருக்க."

உண்மைதான். கோடாலி கையில் வந்த பிறகு நான் எதிரியின் கண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "ஒரு மழைக்காலம் பூராம் செத்துச் செத்து வாங்குனது. அதத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "நீ பட்ட பாடு பட்டதுதான், யாரு இல்லங்குறா. அதுக்காக அது நல்லதாயிருமா? பட்ட பாடு வேற, பொருளு வேற" என்றீர்கள்.

இந்தச் சண்டை நமக்குள் ஓயவே இல்லை. கல் ஓடு போர்த்திய ஒரு காவலாளி வருவான், அவனைக் கத்தியால் கீறவே முடியாது, அப்போது தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனும் வந்தான். அவன் கையைத் தூக்கும்போது அக்குளில் ஒரு விரற்கடை இடத்தில் ஓடு இல்லை என்பதைக் கண்டுபிடித்து, ஒரு மதியம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் குத்திக் குத்தி அவனைச் சாய்த்தீர்கள். நான் கோடாலியால் மூன்று வெட்டில் சாய்த்தேன். நான்காவது வெட்டு தேவைப்பட்டிருந்தால் என் ஆள்தான் முதலில் விழுந்திருப்பாள். யார் ஜெயித்தார்கள் என்று அத்தாவிடம் போய்க் கேட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, போயி ஒளு செய்யுங்க ரெண்டு பேரும்" என்றார்.

அதற்கு அடுத்த கோடையில்தான் குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்படுகிறதென்று என்னிடம் சொன்னீர்கள்.

அறுவை முடிந்தது, முதல் மருந்து முடிந்தது, முடி போய் முடி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதென்று அண்ணனுக்குப் போனில் சொல்லிச் சிரித்தீர்கள். அப்புறம் விலாவுக்குக் கீழே வலிக்கிறதென்றீர்கள். மதுரையில் அந்த டாக்டர் அம்மா படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, அது கல்லீரலுக்குப் போய்விட்டதென்று நிதானமாகச் சொன்னார்.

இரண்டு வழி சொன்னார். லேசான மாத்திரை ஒன்று. உடம்பைப் படுத்தாது, நோயையும் அதிகம் தடுக்காது. இன்னொன்று கடுமையான மருந்து, நரம்பில் ஏற்றுவது. குணமாக்காது, ஆனால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம். "அதுக்கு விலை இருக்கும்மா. கையும் காலும் மரத்துப் போயிரும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. அதோட இப்ப உங்க ரத்தம் இருக்கிற நிலைமையில அந்த மருந்த நான் போடவும் முடியாது. முதல்ல ரத்தம் ஏறணும்" என்றார்.

ரத்தம் ஏற்றுவதற்கு நீங்கள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. வாசனையே ஆகாத ஆட்டு ஈரலை மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றீர்கள். முருங்கைக்கீரை வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வரும். சாறெடுத்துக் கொடுப்பேன். பாதி வெளியே வந்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு, "மறுபடி ஊத்து" என்பீர்கள். மதுரைக்குப் போய் ரத்தம் பார்ப்போம். போதாது என்பார்கள். மலையேறித் திரும்பி வருவோம். கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பும்போதெல்லாம் நீங்கள் சன்னல் பக்கம் சாய, நான் உங்கள் முதுகைப் பிடித்துக்கொள்வேன்.

ரத்தம் போதும், போடலாம் என்று அவர்கள் சொன்ன நாளில் திரும்பி வரும்போது பெருமாள்மலையில் காரை நிறுத்தி டீ குடித்தோம். நல்ல பகல் பொழுது. ஆனாலும் எதிரே இருந்த கடைகள் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது. இதைக் கேட்டுவிட வேண்டும் என்று வத்தலக்குண்டிலிருந்தே என் நெஞ்சுக்குள் இருந்தது.

"மதினி, அந்த லேசான மாத்திரையே போதும்னு சொல்லிருவமா?"

நீங்கள் டீக் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஏன்?"

"கை கால் மரத்துப் போயிரும்ங்குறாங்க. உங்களுக்குத் தெரியாததா? கோடாலிய வேண்டாம்ன்னவுங்க நீங்கதான? பட்ட பாடு வேற பொருளு வேறன்னீங்கள்ல? ரத்தம் ஏத்துறதுக்கு அவ்வளவு பாடுபட்டோமேங்குறதுக்காக அதப் போட்டே ஆகணுமா?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சத்தமாகப் பேசியிருந்தேன். நீங்கள் கிளாஸைக் கீழே வைத்தீர்கள்.

"பாடுபட்டதுக்காக இல்ல புள்ள. அது வெளையாட்டு. செத்தா கெணத்தடியில எந்திரிச்சு உக்காந்துக்கலாம். மெதுவாக் கத்திய வச்சுக் குத்திக்கிட்டு கெடக்கலாம், நேரம் இருந்துச்சு. இங்க எனக்குக் கெணறு எங்க இருக்கு?"

நான் என் கிளாஸையும் கீழே வைத்தேன்.

"உங்க அண்ணனுக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் அஞ்சாறு மாசம் கெடக்கு. நடுவுல விட மாட்டேங்குறாங்க. மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு இருந்தா அவுங்க வர்றப்ப நான் இருக்க மாட்டேன். அந்த டாக்டரம்மா வாயத் தொறந்து சொல்லல. எனக்குத் தெரியும்." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். "கல்யாணம் முடிஞ்சு நாங்க ஒண்ணா இருந்த நாள எண்ணிரலாம் புள்ள. நான் உன்கூட இருந்ததுதான் சாஸ்தி. ஒரு தடவ அவுங்களப் பாத்துக்கிறேன். கை போனாப் போகுது."

அடுத்த வாரமே மதுரைக்குப் போய் அந்தக் கடுமையான மருந்தை ஏற்றத் தொடங்கினோம்.

மருந்து வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. விலா வலி குறைந்தது, கண்ணில் ஏறியிருந்த மஞ்சள் இறங்கியது. டாக்டர் அம்மாவே ஆச்சரியப்பட்டார். ஆனால் முதலில் விரல் நுனிகள் போயின, அப்புறம் விரல்கள், அப்புறம் பாதம். ஜாக்கெட் கொக்கியை நான் மாட்டிவிட வேண்டியிருந்தது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துபோவீர்கள். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் நிறுத்தி, "எத்தன மணி போச்சுன்னு தெரியல. ஒரே மணியத்தான் உருட்டிக்கிட்டு கெடக்கேனோ என்னமோ" என்றீர்கள்.

இன்னொரு நாள், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனவர் குளியலறையிலிருந்து வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஹீட்டரிலிருந்து நேரே விழுகிற வெந்நீரில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். ஆவி பறக்கிறது. கை முழுவதும் சிவந்துபோயிருக்கிறது. நான் அலறிக்கொண்டு இழுத்தேன். நீங்கள் கையைத் திருப்பித் திருப்பி, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். அதற்கப்புறம் உங்களுக்கான தண்ணீரை என் முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் நான் கொடுத்ததில்லை.

அன்றைக்கு நான் அழுதுகொண்டே நிறுத்திவிடலாம் என்றேன். கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். "எரியலயே புள்ள, ஏன் அழுகுற?" என்று கேட்டீர்கள். எரியாததற்குத்தான் அழுதேன்.

கன்ட்ரோலரின் பொத்தான்கள் உங்கள் விரலுக்குத் தெரியாமல் போனதும் விளையாட்டு என் கைக்கு வந்தது. நான் ஆட, நீங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு இடமா வலமா என்று சொல்வீர்கள். ஒரு மதியம் திடீரென்று, "அந்தக் கோடாலிய எடு. எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்" என்றீர்கள். எடுத்தேன். வெட்டு விழும்போது கன்ட்ரோலர் அதிருமே, அதை உங்கள் கையில் வைத்துப் பார்த்தீர்கள், தெரியவில்லை. "இங்க குடு" என்று வாங்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டீர்கள். நான் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு, உங்கள் கன்னத்தில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினேன். ஓநாய் விழுந்தது. உங்கள் கண்கள் அகன்றன.

"தெரியுது புள்ள," என்றீர்கள். "நல்ல அடிதான்."

மூலையில் சிவப்புக் கோடு குறைந்ததை நாம் இருவருமே பார்த்தோம்.

ஒப்பந்தம் முடிந்து அண்ணன் வந்தான். நீங்கள் இருந்தீர்கள். எழுந்து உட்காரக்கூடிய நிலையில், அவனை அடையாளம் தெரிந்து, எப்போதும்போலப் பெயர் சொல்லாமல் "வாங்க" என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தீர்கள். மருந்து வாங்கிக் கொடுத்தது அதைத்தான். அண்ணன் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றான். போனில் நீங்கள் முகத்தை மட்டும்தான் காட்டியிருந்தீர்கள். மீதியை அவன் அப்போதுதான் பார்த்தான்.

மறுநாள் வெள்ளனே நான் உங்களுக்குத் தலைவாரிவிட வந்தேன். அண்ணன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ரொம்ப நேரமாக் கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்துருந்தாங்க புள்ள. குனிஞ்சு பாத்தப்பதான் புடிச்சிருக்காங்கன்னே தெரிஞ்சுச்சு."

நான் சீப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.

அண்ணன் திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே மறித்தேன். தங்கச்சி அண்ணனிடம் சொல்கிற பேச்சில்லை அது. ஆனாலும் சொன்னேன். "அண்ணே, மதினிக்குக் கை மரத்துக் கெடக்கு. புடிச்சாத் தெரியாது. முகத்துல தெரியும். கன்னத்துல கைய வைங்க." அவன் தலை நிமிரவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போனான். நான் கதவைச் சாத்திவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் அந்த அறைக்குள் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அப்புறம் மருந்து வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. கடைசி வாரங்களைப் பற்றி எழுத மாட்டேன். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். மஞ்சள் மறுபடி ஏறியது. போன விரல்கள் திரும்பி வரவில்லை. அந்த மாத்திரையை எடுத்திருந்தால் ஒருவேளை இப்படி நீளாமல் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்த மறுகணமே அண்ணன் உங்கள் காலடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். மாத்திரை என்றால் அவன் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான்.

நீங்கள் மவுத்தான அன்று உங்களைக் குளிப்பாட்டப் பழனியிலிருந்து உங்கள் பெரியம்மா வந்திருந்தார். நானும் கூட நின்றேன். தண்ணீர் விளாவிக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியம்மா மோந்து ஊற்றப் போகும் முன், என்னையறியாமல் குனிந்து முழங்கையை அதில் வைத்துப் பார்த்தேன். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும், "பதமாத்தான் இருக்குத்தா" என்றார். உங்கள் கைகளை நான்தான் கழுவினேன். கொப்புளம் ஆறிய இடத்தில் தோல் புதிதாக, ரோஜா நிறத்தில் இருந்தது.

அண்ணன் வேறு ஒப்பந்தத்தில் மறுபடியும் போய்விட்டான். இங்கே இருந்து என்ன செய்ய என்றான். அத்தாவும் தடுக்கவில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் போனில் என்னோடு பேசுவான். மருந்தைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

விளையாட்டைச் செய்தவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது. பாதகத்தை எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் கோடாலியை வாங்குகிறவர்களுக்குள் சண்டையே வராது. அந்த ஏரியில் இறங்கி அத்தனை முறை சாகத் தயாரா என்பது ஒன்றுதான் கேள்வி. நாம் அதைவிடக் கஷ்டமான ஒன்றைப் பற்றி அல்லவா சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நான் சொன்னது தப்பு என்று இப்போது தெரிகிறது. பாடுபட்டோம் என்பதற்காக எதுவும் நல்லதாகிவிடாது. ஆனால் நீங்கள் அன்று சொன்னதும் போதவில்லை, மதினி. எதற்காக வாங்குகிறோம் என்பதும் இருக்கிறதே. அது கிடைத்துவிட்ட பிறகு, கொடுத்ததையும் கிடைத்ததையும் எந்தத் தராசில் வைப்பது?

இதைக் கேட்டுத்தான் போன மாதம் பள்ளங்கியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பூண்டு விவசாயம் செய்கிறவர். அத்தாவுக்குப் பழக்கம். மழையில் நனைந்த குடையை வெளியே விரித்து வைத்துவிட்டு, டீத்தூள் எதுவும் கேட்காமல் நின்றார். அத்தா தொழப் போயிருந்தார்.

"தங்கச்சி, எம் பொண்டாட்டிக்கும் அதே சீக்குதான். மதுரையில கடுமையான மருந்து ஒண்ணு போடலாம்ங்குறாங்க. உங்க மதினிக்குப் போட்டீகளாமே. போடலாமா, வேண்டாமா?"

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வலி குறைந்ததைச் சொன்னேன், மஞ்சள் இறங்கியதைச் சொன்னேன், அண்ணன் வரும்வரை நீங்கள் இருந்ததைச் சொன்னேன். கையைச் சொன்னேன், காலைச் சொன்னேன். வெந்நீரைத் தனியாகத் தொட விடாதீர்கள் என்றேன். கொக்கி வேண்டாம், நாடா வைத்துத் தைத்துக் கொடுங்கள் என்றேன். அவர் எதையும் குறுக்கே கேட்கவில்லை. முடித்த பிறகு ரோட்டில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியில அவுங்க என்ன சொன்னாங்க, தங்கச்சி? போட்டது நல்லதாப் போச்சுன்னாங்களா? இல்ல, போட்டுருக்க வேண்டாம்ன்னாங்களா?"

நீங்கள் பேசியதை எல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை.

"தெரியலண்ணே."

"நீங்க கேக்கலயா?"

"கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். குடையை எடுத்து மடக்கி, மறுபடியும் விரித்தார். "சரி, நான் கேட்டுக்கிறேன். எம் பொண்டாட்டிகிட்ட முன்னாடியும் கேட்டுக்கிறேன், பொறவும் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினார்.

நான் கேட்காமல் விட்டது என்னிடமேதான் இருக்கிறது, மதினி. கடையில் ஆளில்லாத நேரங்களில் கேட்டுப் பார்க்கிறேன். நல்லதாத்தான் போச்சு புள்ள என்கிறீர்கள். போட்டுருக்க வேண்டாம் புள்ள என்கிறீர்கள். இரண்டும் உங்கள் குரலாகவே இருக்கிறது. எது நீங்கள் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.